பதினோரு லிட்டர் எங்கே போச்சு?

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். காருக்கென்று தனி நோட்டு வைத்திருப்பவர். பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங் எல்லாம் அதில் ஏறிவிடும். ஜனவரியில் 40 லிட்டருக்கு 620 கிலோமீட்டர், அதாவது மைலேஜ் 15.5. மே மாதம் அதே 40 லிட்டருக்கு 440 கிலோமீட்டர்தான். வெறும் 11!

கால்குலேட்டரை எடுத்தார். ஜனவரி கணக்குப்படி 440 கிலோமீட்டருக்கு 28.4 லிட்டர் போதும். பாக்கி 11.6 லிட்டரைக் காணோம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்து 1,160 ரூபாயை டிரைவர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்.

"நான் டியூப் போட்டு உறிஞ்சிட்டேன்னு சொல்றீங்களா சார்?" என்று கேட்டார் டிரைவர். ஐந்து வருஷமாக அந்த வீட்டில் ஓட்டுகிறவர். சார் பதில் சொல்லவில்லை, நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

நோட்டில் பொய் எதுவும் இல்லை. எழுதாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது. ஜனவரியில் குடும்பத்தோடு மூன்று தடவை காஞ்சிபுரம். ஹைவேயில் ஒரே வேகம், டாப் கியர், ஜன்னல் வழியே மார்கழிக் காற்று. மே மாதம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து காலை மாலை பிசியோதெரபி. கிளினிக் இரண்டே கிலோமீட்டர். இன்ஜின் சூடாவதற்குள் இடம் வந்துவிடும். (மே மாத வெயிலில் சூட்டுக்கா பஞ்சம் என்று கேட்காதீர்கள். இன்ஜினுக்கு வேண்டியது 90 டிகிரி பக்கம்!) அந்தப் பதம் வரும்வரை அது கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் குடிக்கும்.

அதைவிடப் பெரிய செலவு கிளினிக் வாசலில். டோக்கன் கூப்பிடும்வரை அம்மா காரிலேயே உட்கார்ந்திருப்பார். ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டர் நகராது, பெட்ரோல் மட்டும் இறங்கும். போதாக்குறைக்கு டயருக்குக் காற்று அடித்துப் பொங்கலோடு சரி.

மெக்கானிக் தன் பங்குக்கு ஏர் ஃபில்டரை மாற்றச் சொன்னார். அது கார்புரேட்டர் காலத்து வைத்தியம். இப்போதைய இன்ஜெக்ஷன் இன்ஜினில் ஃபில்டர் அடைத்தால் பிக்கப் குறையும், மைலேஜ் பெரிதாக மாறாது. பக்கத்து வீட்டுக்காரர் 20 சதவீத எத்தனாலைக் குற்றம் சொன்னார். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஜனவரியிலும் அதே பெட்ரோல்தானே?

கார் கேட்லாக்கில் போட்டிருக்கும் 22-ஐயும் சார் ஆதாரமாகக் காட்டினார். புனே ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைக் கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுக்கும் கணக்கு அது. அங்கே ஏ.சி. கிடையாது, வேளச்சேரி டிராஃபிக்கும் கிடையாது.

இன்னொன்று. நோட்டில் வாங்கிய பெட்ரோல் இருக்கிறது, மாத ஆரம்பத்தில் டேங்கில் எவ்வளவு இருந்தது, கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்று இல்லை. ஆரம்ப இருப்பும் இறுதி இருப்பும் இல்லாமல் கணக்கு எழுதினால் பி.காம். முதல் வருஷத்திலேயே ஃபெயில் போட்டுவிடுவார்கள். இவர் முப்பது வருஷம் பேங்கில் இருந்தவர்!

"ஒரு வாரம் நீங்களே ஓட்டிப் பாருங்க சார். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் டிரைவர். டேங்க் வாய்வரை நிரப்பினார்கள். ஏழு நாளும் சாரே கிளினிக்குக்கு ஓட்டினார், ஏ.சி. போட்டுக் காத்திருந்தார். மறுபடி அதே பங்கில் வாய்வரை நிரப்பியபோது 8.6 லிட்டர் பிடித்தது. ஓடியது 96 கிலோமீட்டர்.

வகுத்துப் பார்த்தால் 11.16.

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதச் சம்பளக் கவரில் 1,160 ரூபாய் சேர்ந்து இருந்தது. நோட்டில் பெட்ரோலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டிருந்தார்: 'காத்திருந்த நிமிடங்கள்'.