நெஞ்சுக்கு ஒரு செய்தித்தாள்

அல்சூர், பெங்களூர்
மார்கழி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மதினி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? கடையில் பொங்கல் வியாபாரம் சூடு பிடித்துவிட்டதா? "அந்தக் குளிர்ல எப்படிடே சைக்கிள் மிதிக்க? என்னத்த மாட்டிக்கிட்டுப் போற? விவரமா எழுது" என்று போனில் கேட்டீர்கள். சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லவேண்டிய விஷயம் என்பதால் போனில் அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் குளிர். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இங்கே உடம்பால் படிக்கிறேன். மார்கழி, தை விடியற்காலையில் 16 டிகிரியை ஒட்டி நிற்கிறது. வானம் தெளிந்த இரவாக இருந்தால் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட, இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடுகிறது. 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை போயிருக்கிறதாம். இன்று வரை அதுதான் இந்த ஊரின் சாதனை. அம்மா கொடுத்தனுப்பிய செக்குத் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து நிற்கிறது. 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டிவிடும். தினமும் வெந்நீரில் பாட்டிலை வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறேன்.

நடந்து போகிறவனுக்கு இந்தக் குளிர் சுகம். அல்சூர் ஏரிக்கரையில் மப்ளர் சுற்றிக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்தாலே தெரியும். சைக்கிள்காரன் கதை வேறு. காற்றே இல்லாத நாளிலும் 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 20 கிலோமீட்டர் வேகக் காற்று நெஞ்சில் வந்து மோதும். போதாததற்கு, இந்த மாதங்களில் இங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருகிறது. என் ஆபீஸ் இருப்பதும் கிழக்கே, ஒயிட்ஃபீல்டு பக்கம். பழைய மெட்ராஸ் ரோட்டைப் பிடித்து, டின் ஃபாக்டரி தாண்டி, கே.ஆர்.புரம் தொங்கு பாலத்தைக் கடந்து, 15 கிலோமீட்டருக்கு மேல் எதிர்காற்றில் போகவேண்டும். சாயங்காலம் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிடும். அந்த ஒரு சந்தோஷத்துக்காகக் காலைப் பாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சி, என்ன மாட்டிக்கொண்டு போவது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பேப்பர்காரர். அவரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதமே.

அல்சூர் பஜார் பக்கம் ஒரு டீக்கடை. விடியுமுன்பே திறந்துவிடும். அதற்கு எதிர்ப்புற நடைபாதையில் பேப்பர் கட்டுகளைப் பிரித்து, கன்னடம், தமிழ், இங்கிலீஷ் என்று அடுக்கி, நடுவில் இணைப்புகளைச் செருகிக்கொண்டிருப்பார்கள். அங்கேதான் அவரைப் பார்த்தேன். அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. அப்பா காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த குடும்பமாம். அவர் வண்டியைப் பார்த்ததும்தான் எனக்குப் பேச்சுக் கொடுக்கத் தோன்றியது. கம்பி பிரேக் வைத்த பழைய ஹெர்குலஸ். நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. ஆலையின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோன அந்த வண்டியேதான். பெயின்ட் முழுக்கப் போய்விட்டது. ஆனால் செயினில் ஒரு பொட்டுத் துரு இல்லை. பிரேக் கம்பி இரண்டிலும் பழைய டியூபை நாடாவாக வெட்டி நெருக்கமாகச் சுற்றியிருந்தார். இது எதற்கு என்று கேட்டேன்.

"இரும்பு சார். காலைல தொட்டா விரலு மரத்துடும். மரத்த விரல வச்சுக்கினு பிரேக்க எப்டி புடிப்ப?"

இவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. குளிர் பட்டதும் உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றப் பார்க்கும். விரல் நுனிக்குப் போகிற ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கால் மிதித்துக்கொண்டே இருப்பதால் சூடாகிவிடுகிறது. கை மட்டும் ஹேண்டில்பாரில் அசையாமல், காற்றுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிரேக் பிடிப்பதோ அந்தக் கைதான். அதனால் சைக்கிள்காரனுக்குக் கையுறை சுக சாதனம் இல்லை, பாதுகாப்புச் சாதனம். அவர் கையில் இருந்தது மேஸ்திரிகள் போடுகிற சாதாரண நூல் கையுறை. அதற்குள்ளே விரல்களில் லேசாகத் தேங்காயெண்ணெய் பூசியிருந்தார். இந்த ஊரின் குளிர் ஈரமில்லாத குளிர். எண்ணெய் இல்லாவிட்டால் உதடும் விரல் மடிப்பும் வெடித்துவிடும்.

பிறகு சட்டையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே, நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை, நேற்றைய பேப்பர் நாலாக மடித்துச் செருகியிருந்தது. ஸ்வெட்டர் கிடையாது.

"ஸ்வெட்டரு நின்னுக்கினு இருக்கறவனுக்கு. மிதிக்கறவனுக்கு முன்னாடி மட்டும் அடைச்சா போதும். பின்னாடி தொறந்தே இருக்கட்டும், வேர்வை போவணும்ல?"

அண்ணாச்சி, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மலை உச்சியில் நிற்கிற ரசிகர்களிடம் செய்தித்தாள் வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு சரிவில் இறங்குவது அந்த வீரர்களின் பழைய வழக்கம். அதைப் படித்திருக்கிறேன். அந்தப் பந்தயத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாத இவர், அல்சூர் நடைபாதையில் அதே முடிவுக்குத் தானாக வந்திருக்கிறார். காகிதம் காற்றை உள்ளே விடாது. மடிப்புகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்று சூட்டை வெளியே விடாது. வியர்த்தால் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். வெயில் ஏறியதும் உருவிக் கேரியரில் போட்டுக்கொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை. இந்த நாட்டில் விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிற பால்காரர்களுக்கும் பேப்பர்காரர்களுக்கும் இருக்கிற அறிவை யாரும் புத்தகமாக எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அவர் சொன்னதில் முக்கியமானது இன்னொன்று. "கெளம்பச்சொல்லோ குளுரணும் சார். கெளம்பறப்பவே கதகதன்னு இருந்தா, டிரினிட்டி சர்க்கிள் தாண்டறதுக்குள்ள வேர்த்துடும். அந்த வேர்வை காயுதே, அதான் குளுரு."

இதில் அப்பழுக்கில்லாத விஞ்ஞானம் இருக்கிறது. மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறத்தாழ கால்வாசிதான் பெடலுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடாகவே வெளியேறுகிறது. பத்து நிமிடத்தில் ஒவ்வொருவனும் நடமாடும் அடுப்பு. கனத்த ஸ்வெட்டர் அந்தச் சூட்டை அடைத்து வியர்க்க வைக்கும். பருத்தி பனியன் அந்த வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டி நிற்கும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக உடம்பிலிருந்து 580 கலோரி அளவுக்குச் சூட்டை இழுத்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது பல் கிட்டுவது அதனால்தான். வாசற்படியில் நிற்கிற குளிருக்கு உடுத்தக் கூடாது. பத்து நிமிடம் கழித்து வரப்போகிற சூட்டுக்கு உடுத்தவேண்டும். இந்த விஷயத்தில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்றுமில்லை.

போன வாரம் சர்ஜாபூர் ரோட்டுக்கும் போய்வந்தேன். விளையாட்டுச் சாமான் விற்கிற டெக்காத்லான் 2009-ல் இந்தியாவில் முதல் கடையைத் திறந்தது அந்த ரோட்டில்தான். அங்கே மெல்லிய காற்றுத்தடுப்பு மேல்சட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் காற்று நுழையாத துணி, பின்பக்கம் வலை. பேப்பர்காரர் செய்து வைத்திருக்கிற அதே ஏற்பாடு. அதனால் அந்தச் சட்டை வேண்டாத ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிறது, தூறலைத் தாங்குகிறது, பல வருடம் உழைக்கும். கையில் காசு இருப்பவர்கள் வாங்கலாம். காசு இல்லாதவர்கள் ஏங்கவேண்டாம், அவ்வளவுதான். உள்ளே போட, பருத்திக்குப் பதிலாகச் சீக்கிரம் உலரும் பாலியஸ்டர் பனியன் ஒன்று இருந்தால் போதும். நம் ஊரில் பந்து விளையாடுகிற பிள்ளைகள் போடுகிற ஜெர்சிதான் அது. தலைக்கு, ஹெல்மெட்டுக்குள் அடங்குகிற மெல்லிய துணிக் குல்லாய். இங்கே வாட்ச்மேன் முதல் பெரியவர்கள் வரை எல்லாரும் போடுகிற குரங்குக் குல்லாய் மிதிக்கிறவனுக்கு ஆகாது: ஹெல்மெட் தலையில் உட்காராது, பின்னால் வருகிற லாரி ஹாரன் காதில் விழாது. கண்ணுக்கு நிறமில்லாத கண்ணாடி வேண்டும். குளிர்காற்றில் கண் தண்ணீராக ஊற்றுகிறது, அதன் மேல் புழுதியும் வந்து ஒட்டுகிறது.

குளிரைச் சமாளித்துவிட்டேன். ரோட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறே முக்கால் மணி ஆகிறது. சாயங்காலம் ஆறு மணி தாண்டியதும் மறைந்துவிடுகிறது. வேலைக்குப் போகிறவன் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. தோண்டிய பள்ளங்களின் மேல் இரும்புத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். பனி இறங்கிய தகட்டிலும், ரோட்டில் அடித்த வெள்ளைப் பட்டையிலும் டயர் வழுக்குகிறது. அவற்றின் மேல் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. நேராக உருண்டு கடந்துவிட வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் இந்த ரோட்டில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. மேல்சட்டைக்கும் கையுறைக்கும் கொடுக்கிற காசை முதலில் விளக்குக்குக் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2020-ல் கொரோனா நேரத்தில் அவுட்டர் ரிங் ரோட்டில், சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் போகிற வழியில், சைக்கிளுக்கென்று தூண் நட்டுத் தனித் தடம் ஒதுக்கினார்கள். மெட்ரோ வேலை வந்தது, தடம் போயிற்று. மெட்ரோ வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கார்களுக்கு மாற்று வழி யோசிக்கிற ஊர் சைக்கிளுக்கும் யோசித்திருக்க வேண்டும். இத்தனைக்கும் சைக்கிள் மிதிக்க இதைவிடத் தோதான தட்பவெப்பம் இந்தியாவின் பெருநகரங்களில் எங்கே இருக்கிறது? நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மிதித்த நமக்கல்லவா அதன் அருமை தெரியும்!

இன்னொரு குறை ஆபீஸைப் பற்றி. காருக்கு மூன்று தளம் ஒதுக்கியிருக்கிறார்கள். சைக்கிளுக்கு ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு மூலை. வியர்வைச் சட்டையை மாற்ற ஒரு தடுப்பு, முகம் கைகால் கழுவ ஒரு குழாய், ஈரத்துணியைக் காயப்போட ஒரு கொடி: இந்த மூன்றும் இருந்தால் எங்கள் தளத்தில் இன்னும் பத்துப் பேராவது சைக்கிளில் வருவார்கள். குளிருக்குப் பயந்து யாரும் நின்றுவிடவில்லை. வியர்வையோடு நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டுத்தான் நிற்கிறார்கள். நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். கிடைக்கும்வரை கேட்பேன்.

குறையாகவே எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சாயங்காலம் திரும்பும்போது சந்தை முழுக்க அவரைக்காய் வாசம். மார்கழிப் பனியில் விளைந்த அவரைக்குத்தான் அந்த மணம் என்கிறார்கள் இந்த ஊர்க்காரர்கள். பருப்பைத் தோல் பிதுக்கிக் குழம்பு வைக்கிறார்கள். 15 கிலோமீட்டர் மிதித்த பசிக்கு அது அமிர்தம். வருகிறபோது மதினிக்கு இரண்டு கிலோ கொண்டுவருகிறேன்.

அண்ணாச்சி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பக்கத்துப் பிள்ளைகள் வருடா வருடம் வேலைக்கென்று இந்த ஊருக்கு வருகிறார்கள். பலர் உங்கள் கடையில் சைக்கிள் வாங்கி ஓட்டிப் பழகியவர்கள்தான். அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது கனத்த ஜெர்கின் வாங்கச் சொல்லாதீர்கள். ஒரு பின்விளக்கு, ஒரு முன்விளக்கு, ஒரு ஜோடி நூல் கையுறை, சீக்கிரம் உலரும் பனியன் இரண்டு. இவ்வளவும் கடையில் வாங்கி வையுங்கள். நெஞ்சுக்குச் செருகும் பேப்பர் இங்கேயே கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் தம்பி