வர்ணம் பிடிக்கும் வரையில்

கோயம்புத்தூரிலிருந்து பல்லடம், காங்கேயம், வெள்ளக்கோவில் என்று வறண்ட மேட்டு நிலங்களினூடே கிழக்கு நோக்கிப் பிரயாணம் செய்பவருக்குக் கரூர் சமீபித்துவிட்டது என்பதை மைல்கல் தெரிவிப்பதற்கு முன்பே, கூரையும் சுவரும் கண்ணாடியும் இல்லாத வெறும் அடிச்சட்டத்தின் மேல் ஓர் ஆசனத்தைப் போட்டுக்கொண்டு, முகத்தில் துண்டும் தலையில் கவசமுமாக எதிர்க்காற்றில் வண்டி ஓட்டிவரும் டிரைவர்கள் தெரிவித்துவிடுவார்கள். ஓசூரிலும் எண்ணூரிலும் உள்ள ஆலைகளில் பிறந்த அடிச்சட்டங்கள் கரூர்ப் பட்டறைகளில்தான் உடம்பு பெறுகின்றன. அவ்வாறு புதிதாக ‘பாடி கட்டும்’ வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் அநேகர். ஆனால் பல வருஷம் ஓடித் தேய்ந்து திரும்பிவரும் பழைய வண்டியின் அலுமினியத் தகட்டுக்கு மறுபடி எனாமல் ஏற்றும் வேலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

கொங்கு நாட்டின் பஸ் சரித்திரம் நூறு வருஷங்களைக் கடந்துவிட்டது. 1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸை விட்ட காலத்தில், வண்டியின் உடம்பு என்பது தச்சர்களின் கைவேலையாகவே இருந்தது. பிற்பாடு இரும்புச் சட்டமும் அதன்மேல் ரிவிட் அடித்துப் பொருத்திய அலுமினியத் தகடும் மரத்தின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரே கன அளவுள்ள இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு. பாரம் குறைந்தால் டீசல் மிச்சம். இந்த உலோகத்துக்கும் எங்கள் மண்ணுக்கும் வேறொரு பந்தமும் உண்டு. ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டியெடுத்த பாக்சைட் தாதுவிலிருந்து, 1965 முதல் மேட்டூரில் அலுமினியத்தைப் பிரித்தெடுத்து வந்தார்கள். 2008-இல் அந்த உலைகள் அணைந்தன. காவிரிக்கரையில் பிரிந்த உலோகத்தில் ஒரு பகுதியாவது அந்த நாளைய பஸ்களின் பக்கவாட்டில் ஏறி ஊர் ஊராகச் சுற்றியிருக்கும் என்று நினைக்க எனக்குப் பிரியம்.

கோயம்புத்தூருக்கும் தாராபுரத்துக்கும் இடையே பஸ் விடும் நண்பர் ஒருவருடைய வண்டி எட்டு வயதைத் தாண்டியிருந்தது. எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குப் போய் நிற்க வேண்டும், ‘எஃப்.சி.’ என்ற இரண்டெழுத்தைக் கேட்டவுடனே முதலாளிகளுக்குப் பட்டறை நினைவு வந்துவிடும். அந்த வண்டியோடு நானும் போனேன்.

பட்டறைக்குப் பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லை. தகரக் கொட்டகை, அதன் முன்னே வேப்பமரம், மரத்தடியில் கம்ப்ரசர். பெயிண்ட் மேஸ்திரிக்கு அறுபதை ஒட்டிய பிராயம் இருக்கும். வண்டி வந்து நின்றதும் அவர் வர்ணத்தை முதலில் பார்க்கவில்லை; ஜன்னலுக்குக் கீழே வரிசையாக ஓடும் ரிவிட் தலைகளையும், சக்கர வளைவின் விளிம்பையும், கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் மூலைகளையும் விரலால் தடவிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் நகத்தால் சுரண்டினார். பழைய நீல வர்ணம் ஒரு வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அதன் முதுகில் மாவு போன்ற வெண்பொடி ஒட்டியிருந்தது. பெயர்ந்த இடத்தைச் சுற்றி, வர்ணத்தின் அடியில் நூல் ஓடியதுபோல் மெல்லிய கோடுகள் தகட்டில் படர்ந்திருந்தன.

“பூத்துப் போச்சுங்க. மேலாப்புல அடிச்சுக் குடுத்திருக்காங்க போன தடவை” என்றார்.

அலுமினியத்தின் சுபாவமே இந்தச் சங்கடத்துக்கு மூலம். காற்றுப் பட்ட மாத்திரத்தில் அது தன் மேல் ஒரு மிக மெல்லிய ஆக்ஸைடுப் போர்வையை உண்டாக்கிக்கொள்கிறது. அந்தப் போர்வைதான் இரும்பைப்போல அரித்து உதிராமல் அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளும் அந்தக் குணமே பிறருடைய பூச்சை ஏற்க மறுக்கும் குணமாகவும் ஆகிவிடுகிறது. வழவழப்பான தகட்டின் மேல் அடித்த எனாமல் முதலில் பளபளவென்று நிற்கும்; பிறகு வெயிலில் தகடு விரிந்து, இரவில் சுருங்கி, கல் தெறித்த துளை வழியாக நீர் புகுந்ததும் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். அதிலும் இரும்புச் சட்டமும் அலுமினியத் தகடும் ஈரத்தோடு ஒன்றையொன்று தொடுகிற இடத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு மின்னோட்டம் உண்டாகி அலுமினியத்தையே தின்னத் தொடங்குகிறது. ரிவிட்டைச் சுற்றிப் பூக்கிற வெண்பொடி அதன் அடையாளம்.

முதல் மூன்று நாளும் வண்டியில் வர்ணம் என்ற பேச்சே இல்லை. பெயர்ந்த இடங்களைச் சுரண்டியால் எடுத்து, கெட்டுப்போன ரிவிட்டுகளைத் துளைத்து நீக்கிப் புதியவை அடித்து, சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பர்ப் பட்டையைத் திணித்த பிறகு, இரண்டு இளைஞர்கள் வாளித் தண்ணீரும் வாட்டர் பேப்பருமாக உட்கார்ந்தார்கள். காலையில் உட்கார்ந்தவர்கள் பகல் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். உள்ளங்கையைத் தாளின் மேல் பரப்பி, அழுத்தமும் வேகமும் மாறாமல், ஒரு முழ அகலத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனார்கள். நீலமும் அதன் அடியிலிருந்த மஞ்சளும் கரைந்து முழங்கை வழியாக வடிந்தன. தண்ணீர் விட்டுத் தேய்ப்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. பழைய வர்ணத்தின் தூசு காற்றில் ஏறுவதில்லை. பழைய மஞ்சளிலும் ஆரஞ்சிலும் ஈயம் கலந்திருப்பது சாதாரணம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பை 2016-ஆம் வருஷத்து விதிகள் கட்டியிருந்தாலும், அவை வீடுகளுக்கும் அலங்கார வேலைக்கும் ஆன பெயிண்டைப் பற்றியவை. வாகனத்தின் மேல் ஏறும் வர்ணம் அவற்றின் வரம்புக்குள் வரவில்லை.

தேய்த்து முடித்துத் தின்னரால் துடைத்தபின் மேஸ்திரி வந்து ஒரு சொம்பு தண்ணீரைத் தகட்டின் மேல் வீசினார். மேல்பகுதியில் நீர் ஒரே படலமாக விரிந்து நின்றது. கீழே ஓரிடத்தில் மட்டும் திவலை திவலையாகப் பிரிந்து ஓடியது. “பாரு கண்ணு, அங்க எண்ணெப் பிசுக்கு இருக்குது. மறுக்காத் தொடை” என்றார் இளைஞனிடம். ஆகாய விமானத் தகட்டைப் பரிசோதிக்கிற தொழிற்சாலைகளிலும் இந்த நீர்ச் சோதனைதான் நடைபெறுகிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சொம்பும் கண்ணும் அவருக்குப் போதும்.

சுத்தமான தகட்டை அன்றைக்கே மூடிவிட வேண்டும். நாள் கடந்தால் ஆக்ஸைடு மறுபடி தடித்துவிடும். இதற்காக அடிக்கிற பிரைமரில் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்திருக்கிறது. அமிலம் தகட்டின் மேற்பரப்பைக் கடித்துச் சொரசொரப்பாக்க, கூடவே வரும் பிசின் அந்தப் பல்லுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது கப்பல்களுக்காக உருவான உபாயம் இது. ஏரிகளில் அலுமினியப் படகு விடுகிற தேசங்களிலும் பழைய படகுக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள் இதே கிரமத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். அங்கே மேலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்க மரப் படகின் அடியில் பூசுகிற தாமிரப் பூச்சை அலுமினியத்தில் பூசினால், தாமிரமும் தண்ணீரும் சேர்ந்து தகட்டையே பொத்தலாக்கிவிடும். பவானிசாகரிலும் மேட்டூரிலும் மூங்கில் பரிசலுக்குத் தார் பூசிக்கொள்ளும் நம் மீனவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

லப்பம் வைப்பதையும், அதை மறுபடி தேய்ப்பதையும், இரண்டாம் பிரைமரையும் நான் விவரிக்கப் போவதில்லை; நேரே எனாமலுக்கு வருகிறேன். ஆல்கைட் பிசினால் ஆன இந்தப் பூச்சு இரு படிகளில் உலர்கிறது. முதலில் தின்னர் பறந்துபோகிறது. அதன்பின் பிசினில் உள்ள எண்ணெய் காற்றிலிருந்து பிராணவாயுவை இழுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. ஆகையால் ஒரே தடவையில் கனமாக அடித்தால், காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல் மேற்பரப்பு மட்டும் காய்ந்து, அடியில் ஈரம் தங்கிச் சுருக்கம் விழும். மெல்லியதாக இரண்டு, மூன்று கோட் என்பதில் மேஸ்திரி பிடிவாதமாக இருந்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கொங்கு நாடெங்கும் புழுதி கிளப்பும் ஆடிக் காற்று நாள்களில், விடிவதற்கு முன் தரையெல்லாம் நீர் தெளித்துவிட்டு அடிப்பார்களாம். நான் பார்த்ததும் விடியற்காலையில்தான். தகட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஸ்ப்ரே கன்னைப் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல் தோளோடு உடம்பையே நகர்த்தி, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி அவர் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை நடந்தார். நீலம் ஒரே சீராக எழுந்தது.

“ஏனுங்க, கன் அடிக்கிறது பெரிசில்லைங்க. தேய்ச்சு வெக்கிறதுதானுங்க வேலை” என்று அவர் சொன்னது உபசார வார்த்தை அல்ல என்பதை மூன்று நாள் பார்த்தவன் என்ற முறையில் நான் சாட்சி சொல்வேன். அப்படியிருக்க, அந்தத் தேய்க்கிற இளைஞர்கள் கூலி வரிசையில் கடைசியாக நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வர்ணம் ஐந்து வருஷம் நிற்பதும் ஐந்து மாசத்தில் பெயர்வதும் அவர்களுடைய உள்ளங்கையில் இருக்கிறது. அவர்களுடைய விரல் நுனிகளோ ரேகை தெரியாதபடி மழுங்கியிருக்கின்றன. முதலாளி அவசரப்பட்டு ஒரு நாளைக் குறைக்கச் சொன்னால், குறைவது எப்போதும் அவர்களுடைய நாள்தான். பஸ் பளபளவென்று வெளியேறும், குற்றம் அடுத்த வருஷம் தெரியும்.

அவர்களுடைய மூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அலுமினியத்துக்கு உகந்ததென்று நெடுங்காலமாக வழங்கிவரும் பச்சை மஞ்சள் நிறப் பிரைமரில் துத்தநாகக் குரோமேட் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அந்த வகைக் குரோமியத்தை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. துத்தநாகப் பாஸ்பேட் கலந்த பிரைமர் அதற்கு மாற்றாகக் கிடைக்கிறது. புதிய வண்டிகளுக்கு எனாமலுக்குப் பதிலாக இப்போது அடிக்கிற பி.யு. என்கிற பாலியூரித்தேன் பெயிண்டோ கடினம் கொடுப்பதற்கு ஐசோசயனேட்டை வேண்டுகிறது. அந்தப் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும். முகத்தில் கட்டிய கைக்குட்டை இவற்றில் எதையும் தடுக்காது. தகுந்த வடிகட்டி வைத்த முகமூடியின் விலை ஒரு பஸ்ஸுக்கு ஆகும் பெயிண்ட் செலவில் மிகச் சிறு பங்கு. அதை வாங்கிக் கொடுப்பதைப் பட்டறைக்காரரின் தர்மமாக மட்டும் விட்டுவிடாமல், வண்டி கொண்டுவருகிற முதலாளியும் நிபந்தனையாகக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். என் நண்பரிடம் அதைச் சொன்னேன், அவர் ஒப்புக்கொண்டு இரண்டு முகமூடிகளுக்குப் பணம் கொடுத்தார்.

ஊர்ப் பெயர்களை எழுதுவதற்கு வேறொருவர் வந்தார். ஸ்டிக்கர் வெட்டும் யந்திரம் வந்தபின் தூரிகை பிடிப்பவர்கள் அருகிவிட்டார்கள். ஆயினும் முன்நெற்றியில் வரும் ‘தாராபுரம்’ மட்டும் கையெழுத்தாக இருக்க வேண்டும் என்று என் நண்பர் கேட்டுக்கொண்டார். சுண்ணாம்புக் கட்டியில் தேய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, அளவுகோல் வைக்காமல், ‘ரா’வின் வளைவை ஒரே இழுப்பில் அவர் முடித்தார்.

வண்டியை எடுக்க வந்த டிரைவரைக் கூப்பிட்டு மேஸ்திரி சில விஷயங்களைச் சொன்னார். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் எனாமல் உள்ளே முழுவதும் இறுகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே ஒரு மாசத்துக்குச் சோப்புத்தூள் போட்டுக் கழுவக் கூடாது, வெறுந்தண்ணீர் போதும். கழுவிய பின் ரிவிட் வரிசையை ஈரத்தோடு விடாமல் துணியால் ஒற்ற வேண்டும். கல் தெறித்து வர்ணம் பெயர்ந்தால், சிறியதுதானே என்று விடாமல் அன்றைக்கே பிரைமரைத் தொட்டு வைத்து, காய்ந்தபின் மேலே நீலத்தை வைக்க வேண்டும். இதற்காக மிச்சமிருந்த பிரைமரையும் எனாமலையும் இரண்டு சிறு டப்பாக்களில் ஊற்றி, மூடியை அழுத்தி, எது முதலில் எது பின்னால் என்று மறுபடியும் ஒரு முறை சொல்லிக் கொடுத்தார்.