எல்லையூரில் ஓர் அன்னை

கடல்கடந்து வாழும் நம்மவர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், தேநீர் ஆறுமுன் எழும் கேள்வி ஒன்றுண்டு: வாழ்வதற்கு எந்த நாடு மேல்? கிழக்கு ஆப்பிரிக்காவில் அக்கேள்வி பெரும்பாலும் கென்யாவா, தான்சானியாவா என்ற வடிவில் வரும். நாங்கள் தார் எஸ் சலாமில் சில்லாண்டும் நைரோபியில் பல்லாண்டும் குடித்தனம் நடத்தியவர்கள் ஆதலால், இவ்வழக்கில் எங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல் விடுவதில்லை. நைரோபியில் வருவாய் மிகுதி, பள்ளிகள் மிகுதி, இரவில் வாயிற்கதவுக்குப் பூட்டும் மிகுதி என்போம். தார் எஸ் சலாமில் கைப்பணம் குறைவு. ஆனால் மாலைக் கடற்காற்றில் அச்சமின்றி நடந்த நினைவு இன்னும் குறையவில்லை என்போம். ஐக்கிய நாடுகள் அமைப்பு 2022ஆம் ஆண்டுக்குக் கணித்த மனித வளர்ச்சிப் பட்டியலில் கென்யாவே மேலே நிற்கிறது. ஆயினும் அதே பட்டியலில், பிறக்கும் குழந்தை வாழக்கூடிய ஆண்டுகள் தான்சானியாவில்தான் கூடுதல். இதைச் சொன்னால் இரு கட்சியாரும் மகிழ்வர், நாங்களும் தப்பித்துக்கொள்வோம்.

இக்கேள்வி எங்களுக்குப் புதிதன்று. பிறந்த ஊரிலேயே பழகிய கேள்வி. எங்கள் ஊர் தடா. இப்பெயரைச் சொன்னவுடன், 1995இல் காலாவதியான அந்தச் சட்டத்தை நினைத்துக்கொண்டு, 'எப்போது விடுதலையானீர்கள்?' என்று நகையாடிய நண்பர் பலர். ஊர் இருப்பதோ சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில், பழவேற்காட்டு ஏரியின் மேற்குப் பக்கத்தில். சென்னை மாகாணக் காலத்தில் ஊருக்குத் தெற்கே ஓடியது, நெல்லூர் மாவட்டத்தையும் செங்கற்பட்டு மாவட்டத்தையும் பிரித்த கோடு மட்டுமே. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதே கோடு மாநில எல்லையாயிற்று. 2022இல் எங்கள் ஊரை நெல்லூரிலிருந்து எடுத்துப் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். நாங்கள் அசையவில்லை; எங்களைச் சுற்றியிருந்த பெயர்கள்தாம் மாறிக்கொண்டிருந்தன.

கோட்டுக்குத் தெற்கே தமிழ்நாட்டின் ஆரம்பாக்கம். இரயிலில் ஒரே நிலையம். இருபுறமும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். ஒரே ஏரியில் மீன். அம்மீனுக்காக இரு மாநில மீனவரும் சண்டையிட்டதும் உண்டு. ஸ்ரீஅரிக்கோட்டையில் ஏவூர்தி எழும் நாளில் இருபுறத்தாரும் ஒரே வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் கணக்கெடுப்போர் கோட்டின் இருபுறமும் வெவ்வேறு எண்களை எழுதிச் செல்கின்றனர். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறப்பவை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19, ஆந்திரத்தில் 30. அதே ஆண்டுகளை வைத்து நிதி ஆயோக் கணித்த பல்பரிமாண வறுமை தெற்கே நூற்றுக்கு 2, வடக்கே 6.

இவ்வளவோடு நிறுத்தினால் தெற்கத்தியார் மீசை முறுக்குவர். வடக்கத்தியாருக்கும் சொல்ல உண்டு. 1982இல் அங்கே எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெருக்கினார் என்றால், 1983இல் இங்கே என்.டி.ஆர். கிலோ இரண்டு ரூபாய் அரிசி தந்தார். 108 அவசர ஊர்தி 2005இல் முதலில் ஓடியது ஆந்திரத்தில். தமிழ்நாட்டுக்கு அது 2008இல்தான் வந்தது. சென்னை குடிக்கும் கிருஷ்ணா நீரும் வடக்கேயிருந்து வருவதே. ஒருவரைப் பார்த்து ஒருவர் படித்தார்கள் என்றே எங்களுக்குத் தோன்றும். நியாயவிலை அரிசி எல்லை தாண்டிக் கடத்தப்படும் செய்தி மட்டும் நாளிதழில் ஓயவில்லை. கோடு எங்கே இருக்கிறதென்று அரிசிக்குத்தான் நன்கு தெரியும் போலும்!

எங்கள் மூத்த தமக்கையார் வாழ்க்கைப்பட்டது தடாவிலேயே, இளையவர் ஆரம்பாக்கத்தில். எண்பதைத் தொட்டுவிட்ட அன்னையார் மூத்தவர் வீட்டில் இருக்கிறார். சென்ற ஆண்டு அவர் இருமுறை மயங்கி விழுந்தபின், இனி எங்கே வைத்துக்கொள்வது என்பதில் தமக்கையர் இருவருக்கும் மனத்தாங்கல் வந்து, தீர்ப்புச் சொல்ல எங்களை அழைத்தார்கள். இரு நாடுகளை நிறுத்துப் பார்த்தவர்களுக்கு இரு வீடுகளை நிறுப்பது அரிதா என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

நாங்களும் ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து எழுதினோம். ஆந்திரத்தில் 2024 சூலை முதல் முதியோர் உதவித்தொகை மாதம் 4000 ரூபாய். ஒன்றாந்தேதி காலையில் வீட்டு வாசலுக்கே வந்து, விரல்ரேகை பெற்றுக்கொண்டு கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் அத்தொகை 2023இல் உயர்த்தப்பட்டும் 1200தான். ஆனால் தெற்கே 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' உண்டு. இளைய தமக்கையாரின் மாமியாருக்கு இரத்தக்கொதிப்பு மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவரும் பெண் தமிழில் விசாரிக்கிறாள். தடாவிலோ தெலுங்கில் உள்ள சீட்டைப் பேரன்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நைரோபியில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளும் அவ்வண்ணமே என்பதால், அவனைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை.

ஒரு புறம் பணம் வாசலுக்கு வருகிறது. மறு புறம் மருந்து வருகிறது. மருந்தே பெரிது, ஆரம்பாக்கமே தக்கது என்று தாளைப் படித்தோம். நாலாயிரத்தை நாங்கள் அனுப்பிவிடுகிறோம் என்றும் சொன்னோம். உண்மையைச் சொன்னால், வெளிநாட்டில் பிள்ளை இருக்க அத்தொகையை வாங்குவதில் எங்களுக்குச் சற்றுக் கூச்சமும் இருந்தது.

அன்னையார் முகம் சுருங்கிற்று. 'நீங்க அனுப்பறது உங்க காசு. எவ்வளவு செலவாச்சுன்னு அக்கா உங்களுக்குக் கணக்கு சொல்லணும். ஒண்ணாந்தேதி வர்றது என் காசு. "அவ்வா, பாகுன்னாவா"ன்னு கேட்டு என் கையில குடுக்கிறான் அந்தப் பையன். உங்கப்பா போனப்புறம் என் கையில நேரா வந்த பணம் அது ஒண்ணுதான்' என்றார்.

எங்கள் தாளில் அதற்கு இடம் இருக்கவில்லை. தாளை மடித்து வைத்தோம்.

முடிவில் தீர்ப்பை அவரே சொன்னார். மாதத்தின் பெரும்பகுதி ஆரம்பாக்கம். முப்பதாந்தேதி மாலை வண்டியில் தடா. இந்த வயதில் இந்த அலைச்சல் தகாதென்று இளையவர் கண்கலங்கினார். எங்களுக்கும் அச்சம்தான், இன்றும் தீரவில்லை. முதல் பயணத்துக்கு நாங்களே உடன் சென்றோம்.

மின்தொடர் வண்டியில் சன்னலோரம் அமர்ந்தவர் திடீரென்று கேட்டார்: 'உங்க ஊர்ல வயசானவங்களுக்கு என்ன குடுக்கிறாங்க?'

கென்யாவில் 70 நிரம்பியோருக்கு மாதம் 2000 ஷில்லிங் என்ற திட்டம் 2018இல் தொடங்கியது என்றோம். தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் 2016 முதலே அத்தகைய தொகை உண்டு என்றும் சொன்னோம்.

'உங்களுக்கும் குடுப்பாங்களா?'

'குடிமக்களுக்குத்தான் அம்மா.'

சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லை எப்போது கடந்ததென்று எங்களுக்குத் தெரியவில்லை.

'அப்ப உங்களுக்கு வயசானா, எந்த ஊர் ஒண்ணாந்தேதிக்குக் காத்திருப்பீங்க?'

வண்டி தடாவில் நின்றது. பையை எடுத்துக்கொண்டு அன்னையார் எங்களுக்கு முன்னே இறங்கினார்.