எங்கள் கிட்டாரும் பழைய ஒலிப்பெட்டியும்

உழைத்துக் களைத்த உள்ளத்திற்கு இசையே அருமருந்தாகும். சுங்கை ஆயர் தாவார் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நாங்கள், கோயில் திருவிழாக்களிலும் பள்ளிக் கலைவிழாக்களிலும் இசைக்குழுவாக இசைத்து வருகிறோம். எங்கள் மின் கிட்டாருக்குத் துணையாக, 1980களின் இறுதியில் செய்யப்பட்ட 'மல்டி எஃபெக்ட்ஸ்' என்னும் ஒலிமாற்றுப் பெட்டி ஒன்று உள்ளது. அதனைப் பற்றி மாணவச் செல்வங்களுக்குச் சில கூற விழைகிறோம்.

மின் கிட்டார் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றியது. அதன் கம்பி அதிரும்போது, அடியிலுள்ள காந்தச் சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்குகிறது. இடைவழியில் அந்த மின்னோட்டத்தை மாற்றினால் ஒலியின் தன்மையும் மாறும். தொடக்கத்தில் ஒவ்வொரு மாற்றத்திற்கும் தனித்தனி மிதிகருவி வேண்டியிருந்தது. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம், 'பாஸ்' என்னும் பெயரில் தன் முதல் மிதிகருவியை 1976இல் வெளியிட்டது. பலவற்றை ஒரே பெட்டியில் அடக்கிய 'எம்.இ.5' 1988இல் வந்தது.

இத்தகைய பெட்டியில் 'டிஸ்டார்ஷன்' ஒலியைக் கரகரப்பாக்கும். 'கோரஸ்' ஒரு கிட்டாரைப் பல கிட்டார்கள் போல் ஒலிக்கச் செய்யும். 'ரிவெர்ப்' பெரிய மண்டபத்தின் முழக்கத்தைத் தரும். 'டிலே' எதிரொலியை உண்டாக்கும்.

மாணவர்களே, எதிரொலியில் கணக்கும் உண்டு. ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 170 மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப அதற்கு ஒரு வினாடி ஆகும். பெட்டியோ, சுவர் ஏதுமின்றி, ஒலியை எண்களாக்கிச் சேமித்து, சற்றுப் பிந்தி வெளியிடுகிறது. நிமிடத்திற்கு 120 தட்டுகள் உள்ள பாட்டில், 60,000 மில்லிவினாடியை 120ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 500 மில்லிவினாடி. அந்த எண்ணை வைத்தால் எதிரொலி தாளத்தோடு இணையும். வாய்ப்பாடு தெரிந்தவனுக்கே இசையும் வசப்படும்!

பழைய கருவிக்குச் சில குறைகளும் உண்டு. ஓர் ஒலியிலிருந்து மற்றோர் ஒலிக்கு மாறுகையில் கணநேரம் ஓசை அறுந்து போகும். ஆகவே சரணம் தொடங்குமுன், கை ஓய்ந்திருக்கும் வேளையிலேயே மிதிப்போம். வீட்டில் மெல்லிய ஓசையில் இனிமையாக அமைத்தது, திருவிழா மேடையில் உரத்து ஒலிக்கையில் அதிர்ந்து கலங்கும். எனவே மேடையின் அளவிலேயே ஒத்திகை பார்ப்போம். கடற்கரைக் காற்றின் ஈரம் இணைப்புகளைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், ஈரமுறிஞ்சும் பொட்டலங்களுடன் மூடிய பெட்டியில் வைத்துக் காக்கிறோம்.

இவற்றினும் பெரிய கவலை ஒன்று இருந்தது. அக்காலத்துப் பல கருவிகளின் நினைவைக் காப்பது, உள்ளே பற்றவைக்கப்பட்ட சிறு மின்கலமே. அது ஓய்ந்தால் அமைத்து வைத்த ஒலிகள் யாவும் அழிந்துவிடும். எங்கள் குழுவைத் தோற்றுவித்த மூத்த கலைஞர், பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டி, இரவில் விழித்திருந்து அமைத்த ஒலிகள் அவை. அவர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய விரல்களின் தடம் அந்தப் பெட்டியில்தான் எஞ்சியிருந்தது.

ஆதலால், மின்கலத்தை மாற்றுமுன் ஒவ்வோர் ஒலியின் அளவையும் பயிற்சிப் புத்தகத்தில் எழுதத் துணிந்தோம். பெரியவர் ஒருவர் திரையிலுள்ள எண்ணைப் படிக்க, ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர் எழுதினர், மற்றொருவர் சரிபார்த்தார். புதிய மின்கலம் பொருத்தியதும், எதிர்பார்த்தபடியே நினைவு வெறுமையாயிற்று. புத்தகத்தைப் பார்த்து இரண்டு இரவுகளில் அனைத்தையும் மீண்டும் பதித்தோம். முதல் ஒலியை மீட்டியபோது, கேட்டிருந்த முதியோரின் கண்கள் கலங்கின. அந்தப் புத்தகம் இன்றும் பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது.

பினாங்கின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள், 'அலிகேட்ஸ்' குழுவின் வழியே மலாய்ப் பாடல்கள் பாடி நாடெங்கும் புகழ் பெற்றனர். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அத்திறமை உண்டு. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று பெற்றோர் வருந்த வேண்டா. இருப்பதை அறிந்து பயன்படுத்தவும், அறிந்ததை எழுதி வைக்கவும் பிள்ளைகளைப் பழக்குவோம். மூத்தோர் தந்த இசை இளையோர் கையில் வாழ்க!