கொடைக்கானல் ஏரிக்கரையில் மூணு நாள் சும்மா இருந்தோம்

இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

பள்ளி விடுமுறையில நம்ம கோயில் தொண்டர்கள் பதினாலு பேர் பழனிக்குப் போயிட்டு வந்தோம். படமெல்லாம் போட்டிருந்தோம். பழனி படத்துக்கு "அரோகரா" போட்டவங்களே, மறுநாள் கொடைக்கானல் ஏரியில நாங்க படகுல உட்கார்ந்து சிரிக்கிற படத்தைப் பார்த்துட்டு வேற மாதிரி பேச ஆரம்பிச்சாங்க. "இது யாத்திரையா, உல்லாசப் பயணமா?" "யார் காசு?" ஒரு ஐயா மட்டும் நேராவே கோயிலுக்கு வந்து கேட்டார். சுத்தி வளைச்சுப் பேசினவங்களைவிட அவர்மேல எங்களுக்கு மரியாதை அதிகம்.

முதல்ல காசு. உண்டியல்ல இருந்தோ அன்னதானக் கணக்குல இருந்தோ ஒரு சென் கூட எடுக்கல. ஆளுக்கு மாசம் 80 வெள்ளி, 30 மாசம் கட்டினோம். ரெண்டு பேரால முழுசா கட்ட முடியல, மத்தவங்க பங்கு போட்டுக்கிட்டோம். நோட்டு நம்ம கையிலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்.

ரெண்டாவது கேள்விக்கு ஒளிக்காம பதில் சொல்றோம். பழனியில ஒரு நாள், கொடைக்கானல்ல மூணு நாள். அந்த மூணு நாளும் நாங்க ஒண்ணும் செய்யல. அதுக்குத்தான் போனோம்.

தைப்பூசம் முடிஞ்சா பங்குனி உத்திரம், அது முடிஞ்சா தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீர்ப் பந்தல், அப்புறம் ஆடி மாசத் திருவிழாவுக்கு ஏற்பாடு. நடுவுல கல்யாணம், காது குத்து, பதினாறாம் நாள் காரியம்னு எது வந்தாலும் அண்டா கழுவ, பந்தி விட, நாற்காலி அடுக்க அதே பதினாலு பேர்தான். சலிச்சுக்கிட்டுச் சொல்லல, நாங்களா விரும்பி எடுத்துக்கிட்ட வேலை இது. ஆனா போன வருஷம் சமையல் கட்டுல நடந்த ஒரு விஷயம் எங்களை யோசிக்க வெச்சுடுச்சு.

சமையல் கட்டு அக்காவை எல்லாருக்கும் தெரியும். 67 வயசு. 31 வருஷமா நம்ம அன்னதானத்துக்கு உலை வைக்கிறது அவங்கதான். ஒரு வெள்ளிக்கிழமை சாம்பார் அண்டாவை இறக்கும்போது முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துட்டாங்க. அண்டா தப்பிச்சுது, அக்காவும் தப்பிச்சாங்க. ஓடிப் போய்த் தூக்கினோம். "ஒண்ணுமில்லப்பா, சாம்பாருக்கு உப்பு பாத்துட்டியா?"ன்னுதான் கேட்டாங்க. ரெண்டு வருஷமா முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கிட்டு வந்திருக்காங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பக்கத்துலயே நின்னு தேங்காய் துருவின எங்களுக்குத் தெரியல. அது எங்களுக்கு அசிங்கமா இருந்துச்சு.

பழனிக்குன்னு சேர்த்து வெச்ச சீட்டுப் பணத்துல இன்னும் மூணு நாள் சேர்த்தது அதுக்கப்புறம்தான்.

"ஓய்வுதான்னா நம்ம கேமரன் மலை போதாதா?"ன்னு கேக்கலாம். போதாது. அங்க போன் எடுக்கும். "அண்ணே, ஸ்டோர் சாவி எங்க?"ன்னு ஒரு கால் வந்தா, மத்தியானத்துக்குள்ள நாங்க தாப்பா வழியா இறங்கி வந்துடுவோம். கடல் தாண்டிப் போனாத்தான் எங்களைப் பிடிக்க முடியாது.

கோலாலம்பூர்ல இருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம். அங்கிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியா பழனி. 693 படியையும் பாதிப் பேர் ஏறினோம், அக்காவும் முட்டி வலிக்காரங்களும் விஞ்சுல வந்தாங்க. தண்டாயுதபாணியை ராஜ அலங்காரத்துல பார்த்தோம். அதைப் பத்தி எழுத எங்களுக்குத் தகுதி பத்தாது. உங்க எல்லார் பேருக்கும் வேண்டிக்கிட்டோம், பஞ்சாமிர்தமும் கொண்டு வந்து குடுத்தாச்சு.

மறுநாள் காலையில வேன் மலை ஏறுச்சு. பழனியில இருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர், வளைவு மேல வளைவு. நம்ம ஊரு எப்படின்னு உங்களுக்கே தெரியும். பாகான் டத்தோவுல கடல் பண்டு மேல ஏறி நின்னா அதுதான் நமக்கு மலை. தென்னையும் செம்பனையும் தாண்டி ஒரு மேடு கிடையாது. எங்கள்ல நாலு பேர் பிளாஸ்டிக் பையும் கையுமாத்தான் மேல போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் மலை வாழை. பஞ்சாமிர்தத்துக்கு ருசி குடுக்கிற விருப்பாச்சிப் பழம் இந்தப் பக்கத்து மலையில விளையுறதுதான்னு டிரைவர் தம்பி சொன்னார். இன்னொரு விஷயம், போக நினைக்கிறவங்க இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துக்கோங்க. கூட்டத்தைக் கணக்குல வைக்க நீதிமன்றம் சொல்லி 2024 மே மாசத்துல இருந்து கேக்குறாங்க.

கடல் மட்டத்துல இருந்து 2,100 மீட்டருக்கு மேல அந்த ஊரு. வேன் கதவைத் திறந்ததும் ஒரு குளிர் உள்ள வந்துச்சு பாருங்க, நம்ம ஐஸ் ரூம்ல மீன் எடுக்கப் போற மாதிரி, ஆனா மீன் வாசனை இல்ல, யூகலிப்டஸ் வாசனை.

ஏரி ஊருக்கு நடுவுல இருக்கு. நமக்குத் தெரிஞ்ச ஏரி தைப்பிங் தாசேக், ஈயம் தோண்டின குழியில தண்ணி நின்ன ஏரி. இதுவும் மனுஷன் கட்டினதுதான். மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்சுன்னு ஒரு வெள்ளைக்காரர் 1863ல ஓடையை மறிச்சு அணை கட்டி உண்டாக்கினார். 60 ஏக்கர் இருக்கும், நட்சத்திரம் மாதிரி கை விரிச்சுக் கிடக்கு. சுத்தி வர ரோடு அஞ்சு கிலோமீட்டர். சைக்கிள் வாடகைக்கு, குதிரை, மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், இலையோட கேரட். இளம் பிள்ளைங்க சைக்கிள்ல ரெண்டு சுத்து சுத்தினாங்க. நாங்க பெஞ்சுல உட்கார்ந்தோம்.

உட்கார்றது அவ்வளவு சுலபமில்ல. முதல் நாள் சாயங்காலமே கை அரிச்சுது. ஒரு அண்ணன் பஜ்ஜிக் கடைக்காரருக்கு வரிசை ஒழுங்கு பண்ணிக் குடுக்கப் போயிட்டார். இன்னொருத்தர் கீழ கிடந்த பேப்பர் தட்டெல்லாம் பொறுக்கினார். ரெண்டாம் நாள் விடியக்காலை நாலு மணிக்குத் தங்கியிருந்த வீட்டுல பாத்திரச் சத்தம். போய்ப் பார்த்தா அக்கா! சமையக்காரப் பையனை ஓரமா உட்கார வெச்சுட்டு பதினாலு பேருக்கு இஞ்சி டீ போட்டுக்கிட்டு இருக்காங்க. "தூக்கம் வரலப்பா. எத்தனை நேரம்தான் படுத்தே கிடக்கிறது?"

அன்னைக்கு எங்களுக்கு ஊர் காட்டின பெரியவர் ஒரு கதை சொன்னார். இந்த ஊரே ஓய்வுக்காக உண்டானதாம். மதுரைப் பக்கம் வேலை செஞ்ச அமெரிக்கப் பாதிரிமார் குடும்பங்கள் காய்ச்சலாலயும் பேதியாலயும் ஒவ்வொண்ணா சாக, 1845ல மேல ஏறி வந்து முதல் ரெண்டு வீடு கட்டியிருக்காங்க. மோட்டார் ரோடு வந்தது இருபதாம் நூற்றாண்டுல. அதுவரைக்கும் பெரியகுளம் பக்கத்துல இருந்து துரை, துரைசாணி, குழந்தைன்னு எல்லாரையும் நாற்காலியிலயும் டோலியிலயும் உட்கார வெச்சு ஆளுங்கதான் தூக்கிக்கிட்டு ஏறியிருக்காங்க.

அக்கா உடனே கேட்டாங்க: "தூக்கினவங்க எங்க உட்கார்ந்தாங்க?"

பெரியவர் சிரிச்சார், எங்களுக்குச் சிரிப்பு வரல. தூக்கின கை எந்தக் கைன்னு எங்களுக்குத் தெரியும். அதே மாதிரி கைங்கதான் கப்பல் ஏறி வந்து நம்ம பக்கம் கித்தா மரம் வெட்டுச்சு.

மத்தியானம் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். ஏரியில இருந்து ரொம்பத் தூரமில்ல. இதைக் கட்டினது ஒரு ஆஸ்திரேலியாவுல பிறந்த அம்மா. யாழ்ப்பாணத்து சர் பொன்னம்பலம் இராமநாதனைக் கல்யாணம் பண்ணி, சைவத்துக்கு வந்து, லீலாவதின்னு பேர் வெச்சுக்கிட்டவங்க. 1936ல முருகனுக்கு இந்தக் கோயிலை எழுப்பினாங்க. கோயிலுக்குப் பின்னால நின்னா, மேகம் விலகுற நேரம் கீழ பழனி மலை தெரியுது. முந்தின நாள் நாங்க மூச்சு வாங்கி ஏறின மலை, மேல இருந்து பார்த்தா ஒரு கொழுக்கட்டை அளவுதான். குறிஞ்சிப் பூ 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், 2018ல பூத்துச்சு, இனி 2030. அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல.

மூணாம் நாள்தான் அந்த மழை.

காலையில துடுப்புப் படகுல போனோம். பிள்ளைங்க வற்புறுத்தி அக்காவையும் ஏத்தினாங்க. மூஞ்சியில பயம், கையில முருகன் படம் போட்ட பை. நடு ஏரிக்குப் போனதும் துடுப்பை நிறுத்திட்டோம். தண்ணியில மரத்து நிழல் ஆடாம நின்னுச்சு. யாரும் பேசல. அம்மன் சன்னிதி நடை சாத்தினதுக்கு அப்புறம் இருக்குமே, அந்த மாதிரி ஒரு அமைதி. கரைக்கு வந்து அரை மணி நேரம் இருக்காது, இருட்டிக்கிட்டு வந்து மழை கொட்டுச்சு. எல்லாரும் ஒரு சோளக் கடைத் தகரக் கூரைக்கு அடியில ஒண்டினோம். தகரத்துல மழைச் சத்தம் கேட்டதும் அக்கா தன்னை மறந்து சொன்னாங்க: "போச்சு, இன்னைக்குப் பேர் இல்ல."

சின்னப் பிள்ளைங்களுக்குப் புரியல. "என்ன பேர், பாட்டி?"

அப்பத்தான் சொன்னாங்க. பதினாலு வயசுல தோட்டத்துல பால் மரத்துக்குப் போனவங்க அவங்க. விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு நிக்கணும். மரம் நனைஞ்சா வெட்ட முடியாது, கோப்பையில தண்ணி விழுந்தா பாலும் போச்சு. வெட்டு இல்லைன்னா செக்ரோல்ல பேர் இல்ல, பேர் இல்லைன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. லயத்துக் கூரையும் தகரம்தான். ராத்திரி அந்தச் சத்தம் கேட்டா அவங்க அம்மா எழுந்து உட்கார்ந்து, எத்தனை நாள் பேர் விழுந்திருக்குன்னு விரல்ல எண்ணுவாங்களாம். "எங்களுக்கு லீவுன்னா பசிதாம்மா. அதான் சும்மா உட்கார்ந்தா எனக்கு நெஞ்சு படபடன்னு வருது."

31 வருஷம் ஒண்ணா வேலை செஞ்சிருக்கோம். இதை அவங்க சொன்னதே இல்ல. சொல்றதுக்கு நாங்க நேரமும் குடுத்ததில்ல. "அக்கா, அண்டா எங்க, அக்கா, பெருங்காயம் எங்க"ன்னுதான் பேசியிருக்கோம்.

கடைக்காரம்மா ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, சுட்ட சோளத்துல உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி அக்கா கையில குடுத்தாங்க. அக்கா பழக்கத்துல அதை உடைச்சு எங்களுக்குப் பங்கு வைக்கப் பார்த்தாங்க. நாங்க யாரும் வாங்கல. முழுசையும் அவங்களே சாப்பிடணும்னு சொல்லிட்டோம். மழை விட முக்கால் மணி நேரம் ஆச்சு. ஒவ்வொரு மணியா பிச்சு, ஏரியைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டாங்க. அந்தப் படத்தைத்தான் நாங்க போட்டோம். "உல்லாசம்"னு கேட்டீங்களே, அந்தப் படம்.

ஊருக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தோம். மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை அக்காவுக்குச் சமையல் கட்டுல வேலை கிடையாது. முதல் பந்தியில இலை போட்டு உட்காரணும், நாங்க பரிமாறணும். போன வாரம் முதல் தடவை. பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்தாங்க. சோறு, சாம்பார், ரெண்டு கூட்டு வரைக்கும் நல்லாத்தான் போச்சு. ரசம் வந்துச்சு. ஒரு வாய் வெச்சாங்க. "யாருப்பா இதுக்குப் புளி கரைச்சது?"ன்னு கேட்டுக்கிட்டே எழுந்து உள்ள போயிட்டாங்க.

அடுத்த மாசம் மறுபடி உட்கார வைப்போம். அதுக்கு ஆள் வேணும். வெள்ளிக்கிழமை காலை அஞ்சு மணிக்கு காய் நறுக்க நாலு பேர், மத்தியானம் அண்டா கழுவ ரெண்டு பேர். வயசு, அனுபவம் எதுவும் தேவையில்ல. பலகை கோயில்ல இருக்கு, கத்தி மட்டும் கொண்டு வாங்க. ரசம் வைக்கத் தெரிஞ்சவங்க இருந்தா கொஞ்சம் சீக்கிரமே வாங்க.