மாமா நீட்டிய துருக்கித் தொப்பி

என் நிக்காஹ் தினத்தன்று மாமனார் ஒரு சிவப்புத் துருக்கித் தொப்பியை என்னிடம் நீட்டினார். தமது நிக்காஹ்வில் அவர் அணிந்தது. நானோ அறபுக் கல்லூரியிலிருந்து வெளியேறிய சூடு ஆறாதவன். "இது சுன்னத்தல்ல" என்று மறுத்துவிட்டேன். மனிதர் ஒன்றும் பேசவில்லை. கடதாசியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்.

இன்று அவர் மர்ஹூம். அண்மையில் பேரனின் நிக்காஹ்வுக்கு மாமி அதே தொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்தார். "மருமகன், பேரன் இதைப் போடலாமா? ஹறாமா?" என்று பயந்து பயந்து கேட்டார்.

சகோதரிகளே, இத்தொப்பி பள்ளிவாசலில் பிறந்ததல்ல. பட்டாளத்தால் பரவியது. உஸ்மானியரின் ஜானிஸாரிப் படையினர் பின்னால் மடிந்து தொங்கும் வெள்ளைக் கம்பளித் தொப்பி அணிந்தனர். அதன் முன்புறத்தில் கரண்டி செருக ஒரு கூடு வேறு! (சமையல் கிடாரத்தைக் கவிழ்த்தால் கலகம் என்று பொருள்.) 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அப்படையை ஒழித்தார். புதிய படைக்குப் புதிய தொப்பி தேவைப்பட்டது. கடற்படைத் தளபதி ஹுஸ்ரவ் பாஷா, தூனிஸியாவின் சிவப்புத் தொப்பியைத் தம் வீரர்களுக்கு அணிவித்துக் காட்டினார். சுல்தானுக்குப் பிடித்துவிட்டது. ஐரோப்பியத் தொப்பிபோல் முன்விளிம்பு இல்லாததால் கழற்றாமலே சுஜூது செய்யலாம். 1829இல் அரசாங்க உத்தியோகத்தருக்கும் அதையே சட்டமாக்கினார். தலைப்பாகையை இழந்தவர்கள் முணுமுணுத்தனர்.

பிறகு பிரான்ஸின் ஸுவாவ் படை, ஆஸ்திரியாவின் பொஸ்னியப் படை என்று பல தலைகளில் அது ஏறிற்று. ஸ்பெயினின் ரெகுலாரஸ் படையினர் இன்றும் அணிவகுப்பில் அணிகின்றனர். 1908இல் ஆஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்தபோது, துருக்கியர் ஆஸ்திரியத் தொப்பிகளைப் பகிஷ்கரித்தனர். அவர்கள் தலையிலிருந்தவற்றில் பெரும்பகுதி ஆஸ்திரியத் தொழிற்சாலைகளில் செய்தவைதாம்!

நம் நாட்டில் அது பரவியதற்கு, 1883இல் நாடுகடத்தப்பட்டு வந்த எகிப்தியப் படைத்தலைவர் அறாபி பாஷாவும் ஒரு காரணம். 1905இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் இத்தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றத் தடை வந்தபோது, டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசலருகே முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினர். பின்னர் அனுமதி கிடைத்தது.

இங்கே போராடிப் பெற்ற தொப்பியை, 1925இல் துருக்கியிலேயே முஸ்தபா கமால் சட்டம் போட்டுக் கழற்றினார். 1829இல் முணுமுணுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கழற்ற மறுத்தார்கள். மேலைத்தேயத் தொப்பியைக் கண்டித்து நூல் எழுதிய ஆலிம் இஸ்கிலிப்லி ஆதிப் 1926இல் தூக்கிலிடப்பட்டார்.

இதில் எதையும் அறியாமல்தான் அன்று மாமாவுக்குப் பத்வா கொடுத்தேன். சுன்னத்தல்ல என்றது சரிதான். ஆனால் அவர் அதைச் சுன்னத்து என்று சொல்லவேயில்லையே!

"ஹறாமில்லை மாமி, போடட்டும்" என்றேன். குஞ்சம் இற்றுப்போயிருந்தது. என் மனைவி கறுப்பு நூலில் புதிதாகக் கட்டினாள். பேரனுக்குத் தொப்பி சற்றுப் பெரிது. உள்ளே கடதாசியை மடித்து வைத்தோம்.