வெளிவீதிச் சனம்

யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் கோப்பாயில் எங்கள் வீடு கழுவி, மச்சம் நிறுத்தி, 25 நாளும் மரக்கறிதான். சின்னப்பிள்ளையான எனக்கு அந்த விரதத்தில் அக்கறை இல்லை. 24ஆம் நாள் தேர் எப்போது வரும் என்பதுதான் ஒரே கவலை. தேரைப் பார்க்கும் ஆசையைவிடச் சனத்தைப் பார்க்கும் ஆசைதான் பெரிது.

தேரன்று இருட்டோடு எழுப்பிவிடுவார்கள். அம்மம்மா கழுத்துச் சங்கிலியை ஊசியால் சட்டையோடு சேர்த்துக் குத்திக்கொள்வார். கள்ளருக்குத் தேர்நாள் நல்ல நாள். பருத்தித்துறை வீதியால் நடை. இருபாலையில் ஒரு கூட்டம் வந்து சேரும், கல்வியங்காட்டில் இன்னொன்று. முத்திரைச்சந்தி தாண்டினால் வீட்டு வளவுகளுக்குள் சைக்கிள்கள் நிரை நிரையாகச் சாத்திக் கிடக்கும். காசு வாங்கிக்கொண்டு நம்பர் எழுதிய மட்டைத் துண்டு கொடுப்பார்கள். அதற்குப் பிறகு எனக்கு வேட்டியும் சேலையும் முழங்கால்களும் தவிர ஒன்றும் தெரியாது. "கையை விடாதை அப்பு" என்று அம்மம்மா சொல்லிக்கொண்டே வருவார். அப்பா குனிந்து தூக்கித் தோளில் இருத்துவார்.

அங்கேயிருந்துதான் எல்லாம் தெரிந்தது. வெளிவீதி மணல் கண்ணில் படாத அளவுக்குத் தலைகள். சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிய ஆண்கள். கந்தோர்க்காரர் யார், தோட்டக்காரர் யார் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. சின்னப் பிள்ளைகளின் தோளிலும் மயிலிறகு வைத்த காவடிகள். முதுகில் செடில் குத்திய இளைஞர் ஒருவர் எங்களுக்குக் கிட்டவாக ஆடிப் போனார். பின்னால் கயிற்றை இழுத்துப் பிடித்தவரின் முகத்தில்தான் நோவு தெரிந்தது, ஆடியவரின் முகத்தில் இல்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

நல்லூரில் நேரம் தவறாது. ஏழு மணியளவில் ஆறுமுகசுவாமி வள்ளி தெய்வானையோடு தேருக்கு வந்துவிடுவார். மூலத்தானத்தில் இருப்பது வேல். தேரில் வருவது சண்முகர். வடத்தில் கை வைத்ததும் எழும்புகிற அரோகராச் சத்தம் அப்பாவின் தோளுக்குள்ளால் என் காலுக்கு வந்தது. தேருக்கு முன்னால் மலையாகக் குவித்த தேங்காய்களை ஆள்மாறி ஆள் உடைப்பார்கள். சிதறிய இளநீர் மணலில் ஊறிப் புளித்த மணம் எழும். சிரட்டைத் துண்டு காலில் குத்தாமல் யாரும் வீடு போனதில்லை.

தேர் கடந்தபிறகும் அம்மம்மா அசையமாட்டார். "பின்னால வாறவையைப் பார்" என்பார். ஈர வேட்டியோடு ஆண்கள் அங்கப்பிரதட்சணை செய்து வருவார்கள், முதுகெல்லாம் மணல் அப்பியிருக்கும். களைத்துப்போய்த் திசை மாறுபவரைச் சொந்தக்காரர் இடுப்பில் பிடித்து நேராக்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் விழுந்து கும்பிட்டு அடியழித்து வருவார்கள். ஒருமுறை எங்களூர்ப் பெண்ணொருத்தியை அந்தக் கூட்டத்தில் கண்டேன். மகன் காய்ச்சலில் கிடந்தபோது வைத்த நேர்த்தி. வீதியில் காணும்போதெல்லாம் சிரித்துப் பேசுபவர் அன்று எங்களைப் பார்க்கவே இல்லை. அழுதபடி விழுந்து எழும்பிப் போனார். அம்மம்மாவும் அழுதார். ஒவ்வொரு ஆளும் ஒரு காரியத்தைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் என்று அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

பிறகு தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீர், மோர். ஒலிபெருக்கியில் தவறிப்போன பிள்ளைகளின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கச்சான் வாங்காமல் வீடு திரும்புவது என்ற கதையே கிடையாது.

இப்போது நான் இருப்பது சிட்னியில், லிட்கம் ஸ்டேஷனுக்குக் கிட்ட. ஈஸ்டர் ஷோ நாட்களில் ஒலிம்பிக் பார்க் ரயிலுக்கு மாற இங்கே இறங்கும் கூட்டத்தை நின்று பார்ப்பதுண்டு. தகப்பன்மார் தோளில் இங்கேயும் பிள்ளைகள். பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கும். ஆனால் அழுதுகொண்டு போகும் ஒருவருக்காக நின்று கூட அழுகிற கூட்டம் அது இல்லை. மேஸ் ஹில் முருகன் கோயில் தேரில் வடம் பிடிக்கும்போது அந்த உணர்வு ஓரளவு வரும். தேங்காய் அங்கேயும் உடைகிறது, அரோகராவும் கேட்கிறது. எங்கள் பிள்ளைகளோ பெரும்பாலும் ஓரமாக நிழலில் நின்று போனில் படம் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் தோளில் தூக்கி "பின்னால வாறவையைப் பார்" என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள். தேர் ஆவணி அமாவாசைக்கு முதல்நாள். அந்த நேரம் இங்கே பள்ளிக்கூட விடுமுறை இல்லை என்பது எனக்கும் தெரியும். பிள்ளை தோளில் ஏறுகிற வயதில் இருக்கும்போதே ஒரு வருசம் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டு அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.